கம்பிக்கயிற்றைத் துணியால் தடவிப் பார்

கோலார் தங்கச் சுரங்கத்தில் விஞ்ச் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கிழவன் நான். மெக்கானிக்கல், மைனிங் என்று கிளம்பும் போடிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் மலையைப் பார், அப்புறம் மெஷினைத் தேடு. நம் மலைக்கு மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் தேயிலை ஏற்ற ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். இழுத்தது மாடு. சிரிக்காதே. அந்த மேட்டில் புல் கிடைக்கும், நிலக்கரி கிடைக்குமா? 1908இல்தான் இரண்டடி அகல ரயில் வந்தது.

2. டாப் ஸ்டேஷன் என்று ஏன் பெயர்? ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிக்கயிற்றில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் இறங்கின. கயிற்றின் மேல்முனை அது. கீழ்முனை நம் கொட்டகுடி. அங்கிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் வண்டிப்பாதை. போடிக்கே ரயில் வந்தது 1928இல். இறக்கத்தில் பாரம் தானே போகும். எஞ்சினைவிடப் பிரேக்கைப் படி. இறங்கும் பாரம் ஏறும் பாரத்தை இழுப்பதைக் கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியே பார்க்கலாம்.

3. மலையானாலும் சுரங்கமானாலும் உயிர் கயிற்றில்தான். கோலாரில் ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல். கயிறு புரியாகவா அறும்? முதலில் ஓர் இழை, அப்புறம் பக்கத்து இழை. கிரீஸ் அதை மூடிவிடும். ஆகவே கயிற்றை மெதுவாக விட்டு, பழந்துணியால் பிடித்துப் பார். அறுந்த முனை துணியை இழுக்கும். வெறுங்கை வேண்டாம். ஒருநாள் நான் சோம்பலில் கண்ணால் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் இன்னொருவர் துணி பிடித்தார். ஒரு முழத்துக்குள் நாலு இழை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

4. வேலை கிடைக்கும்வரை ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் உலை பார். காய் பச்சை மாறாமல் காய வேண்டும். சூட்டைப் பற்றி எந்தப் புத்தகமும் அவ்வளவு சொல்லாது.

5. பாலம் கட்டுமுன் ஆற்றோரத்துக் கிழவிகளைக் கேள், வெள்ளம் எதுவரை வந்தது என்று. 1924இல், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்களே, அதில் குண்டளை ரயில் அழிந்துபோனது. மறுபடி போடவேயில்லை.

6. டாப் ஸ்டேஷனையும் கயிறு போன வழியையும் பார்க்கக் குரங்கணி வழியாக ஏறுவாய். வனத்துறை அனுமதி வாங்கு. மாசி, பங்குனியில் போகாதே. 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் எரிந்தது அந்தச் சரிவுதான்.