இல்லாதவரின் மானம்: பெயர் சொல்லாதவரின் குற்றச்சாட்டை நம்பலாமா?



ஒருவர் சபையை விட்டு எழுந்து போனதும் அவரைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சுக்கு ருசியும் அதிகம். இந்த நோய் நம் தெருவில் மட்டும் இல்லை.

பிலடெல்பியாவில் நடந்தது

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரரை 'குவார்ட்டர்பேக்' என்பார்கள். 2016-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி கார்சன் வென்ட்ஸ் என்ற இளைஞரை அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 2017-ல் சிறப்பாக ஆடிய அவருக்கு டிசம்பரில் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. அவருக்குப் பதிலாக இறங்கிய நிக் ஃபோல்ஸ் 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்தார்.

2019 ஜனவரியில், பெயர் வெளியிடாத சிலர் வென்ட்ஸின் குணத்தைக் குறைகூறியதாக ஒரு செய்தி வந்தது. 2021-ல் அவர் இண்டியானபொலிஸ் அணிக்கு மாற்றப்பட்ட காலத்திலும் அத்தகைய பேச்சுகள் எழுந்தன. "உள்ளே இருப்பவர்களுக்குத்தானே தெரியும்" என்றனர் ஒரு சாரார். "சொல்பவர் ஏன் ஒளிந்துகொள்கிறார்?" என்றனர் மற்றவர். அந்தக் குறைகள் என்னென்ன என்று இங்கே நாம் பட்டியலிட வேண்டியதில்லை. பட்டியலிட்டால் நாமும் அந்தப் பேச்சில் பங்காளியாகி விடுவோம்.

கஅப் (ரலி) அவர்கள் இல்லாத சபை

ஹிஜ்ரி 9-ல் தபூக் போருக்குச் சென்றிருந்தபோது, கஅப் பின் மாலிக் (ரலி) எங்கே என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பனூ ஸலிமா குலத்தைச் சேர்ந்த ஒருவர், அவருடைய ஆடை அழகும் தற்பெருமையும் அவரைத் தடுத்துவிட்டன என்ற கருத்தில் பேசினார். உடனே முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள், நீர் சொன்னது மிகக் கெட்ட சொல் என்று கண்டித்து, கஅபிடம் நன்மையைத் தவிர வேறெதையும் தாம் அறிந்ததில்லை என்று நபியவர்களிடம் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

கவனியுங்கள்! கஅப் (ரலி) அவர்கள் போருக்குப் போகாதது தவறுதான். அதை அவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இல்லாதவரின் உள்ளத்துக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்வதை முஆத் (ரலி) அவர்கள் ஏற்கவில்லை. செயல் எல்லோருக்கும் தெரியும். எண்ணம் அல்லாஹ்வுக்கே தெரியும்.

வென்ட்ஸ் விஷயத்திலும் இதே வேறுபாடு உண்டு. 2020-ல் அவர் 12 ஆட்டங்களில் வீசிய பந்துகளில் 15-ஐ எதிரணியினர் பறித்தார்கள். இது எல்லோரும் கண்டது. ரசிகர் இதை விமர்சிப்பதில் குறையில்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது வேறு கதை. 2019-ல் சக வீரர்கள் சிலர் தங்கள் சொந்தப் பெயரிலேயே முன்வந்து அவருக்காகப் பேசினார்கள். அதைக் கேட்கும்போது முஆத் (ரலி) அவர்களின் நினைவு வருகிறது.

"ஒரு மனிதர் சொன்னார்"

நம் ஹதீஸ் கலை அறிஞர்களைப் பாருங்கள். அறிவிப்பாளர் வரிசையில் 'ஒரு மனிதர்' என்று பெயரில்லாமல் ஒருவர் வந்தால், அவர் யார் என்று தெரியும்வரை அந்த அறிவிப்பைப் பலவீனமானது என்பார்கள். 'நம்பகமானவர் ஒருவர் சொன்னார்' என்றாலும் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. உனக்கு நம்பகமானவர் மற்றவர்களிடம் குறையுள்ளவராக இருக்கலாமே! செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுமாறு ஹுஜுராத் அத்தியாயம் 6-வது வசனமும் நமக்குக் கட்டளையிடுகிறது.

"உண்மையைத்தானே சொல்கிறோம்?" என்று சிலர் கேட்கலாம். சகோதரனிடம் இருப்பதைச் சொன்னால் அது புறம். இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிவிட்டார்கள். "அவர் முஸ்லிம் இல்லையே?" என்றும் சிலர் கேட்கலாம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புகூட நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா 8-வது வசனத்தின் போதனை.

அப்படியானால் அநீதி இழைக்கப்பட்டவர் வாய் திறக்கவே கூடாதா? திறக்கலாம். தீர்வு தரக்கூடியவரிடம் முறையிடவும், பிறரை ஆபத்திலிருந்து எச்சரிக்கவும் மார்க்கம் அனுமதிக்கிறது. பதவியும் பிழைப்பும் போய்விடும் என்று பயந்து பெயரை மறைப்பவரும் இருக்கலாம். ஆனால் பயன் எதுவும் இல்லாமல், பிரிந்து போனவரின் குணத்தைச் சந்தையில் வைப்பது முறையீடு ஆகாது.

நமக்கான பாடம்

இமாமோ, ஜமாஅத் தலைவரோ, பள்ளி ஆசிரியரோ மாறிப் போகும்போது நம் வாய் என்ன செய்கிறது? அடுத்த முறை அப்படியொரு பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சொன்னவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா? இதைப் பேசுவதால் யாருக்கு நன்மை?

பேசப்படுபவர் நாமாக இருந்தாலோ? வென்ட்ஸ் அன்று, தான் குறையற்றவன் அல்ல என்று ஒப்புக்கொண்டு, தன்னைப் பற்றி அப்படி எண்ணம் வர என்ன செய்தோம் என்று யோசிப்பதாகச் சொன்னார். 'யார் சொன்னது?' என்று தேடி அலைவதைவிட இது மேலானது.

சகோதரரின் மானத்தைக் காப்பவரின் முகத்தை மறுமையில் நரகத்திலிருந்து அல்லாஹ் காப்பான் என்ற நபிமொழி திர்மிதியில் உள்ளது. நம் நாவையும் செவியையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! இல்லாதவர்களுக்காகப் பேசும் துணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.