'மாத்திரையை நிறுத்திட்டேன்': கர்ப்பிணிகளுக்கு சுகர், பி.பி., தைராய்டு இருந்தால்...

என் அக்கா கெடார் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். ரெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். நாள் தள்ளிப்போனதும் முதல் வேலையா அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். "வயித்துல புள்ள இருக்கும்போது கண்ட மாத்திரையும் சாப்பிடக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்கடா" என்பதுதான் காரணம். எட்டாவது வாரத்தில் பதிவு செய்ய வந்த கிராம சுகாதார செவிலியர், "வேற ஏதாவது மாத்திரை போடுறியாம்மா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை வாரம் போயிருக்குமோ, தெரியாது.

இது அக்காவின் கதை மட்டும் இல்லை. ஏற்கெனவே ஒரு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கருத்தரித்தால், பலர் மருந்தை நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. அதனால் கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரையின் அளவை டாக்டர்கள் பெரும்பாலும் கூட்டத்தான் செய்வார்கள். வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். அது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. பி.பி. மாத்திரைகள் விஷயம் கொஞ்சம் வேறு. எனாலபிரில், டெல்மிசார்டன் போன்ற சில மாத்திரைகள் கர்ப்பிணிக்கு ஆகாது. ஆனால் அவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்பான வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஆக, நீங்களே நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டை வைத்து நீங்களே தொடரவும் வேண்டாம். நாள் தள்ளிப்போனது தெரிந்த அந்த வாரமே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

அடுத்து சுகர். இதுவரை சுகரே இல்லாதவர்களுக்கும் கர்ப்ப காலத்தில் வரலாம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை செய்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலையில் பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணியைப் பட்டினி போடாத இந்த எளிய முறையை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்ததில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வீ. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மறுநாள் திரும்பச் செய்வார்கள். முதல் தடவை நார்மல் என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

சுகர் இருக்கிறது என்றால் உடனே ஊசி என்று பயப்படத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டு முறையும் நடைப்பயிற்சியும்தான். அதன் பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சுகர் 120-க்குக் கீழே இருந்தால் அதையே தொடரலாம். தாண்டினால்தான் மாத்திரையோ இன்சுலினோ.

சாப்பாட்டில் நம்ம ஊரில் நடக்கும் ஒரு தவறு: "சுகர்தானே, சோறு வேணாம், கூழு குடி" என்பார்கள். கேழ்வரகு நல்லதுதான். ஆனால் கூழாகக் கரைத்துச் சொம்பு நிறைய குடித்தால் சுகர் சீக்கிரம் ஏறும். அதையே அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை சேர்த்து, அளவாகச் சாப்பிடலாம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை மூன்று வேளை உணவு, நடுவில் சுண்டல், வேர்க்கடலை, மோர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

ரத்தசோகை பற்றிச் சுருக்கமாக. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, இந்த இரண்டையும் நான்கு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், இரும்புச்சத்து மாத்திரையால் அப்படித்தான் போகும். (இதைப் பார்த்துப் பயந்தே மாத்திரையைப் பரண் மேல் தூக்கிப் போட்டவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.)

பி.பி. 140/90-ஐத் தொட்டால் கவனம் தேவை. விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல் வயிற்றில் வலி இவற்றில் எது வந்தாலும் "காலையில போய்க்கலாம்" என்று இருக்காதீர்கள். ராத்திரி எந்நேரமானாலும் 108-ஐ அழையுங்கள். கெடார் பகுதியில் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

போனிலேயே முடிக்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. பிக்மி இணையதளத்திலோ, 102 என்ற எண்ணிலோ கர்ப்பத்தை நீங்களே முன்பதிவு செய்யலாம். பிறகு செவிலியர் சரிபார்த்து ஆர்.சி.எச். எண் தருவார். பதிவின்போது பழைய நோய்களையும் மாத்திரைகளையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் (தகுதியுள்ளவர்களுக்கு 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும்), பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாமும் நடக்கிறது.

அக்காவுக்கு மாத்திரை மறுபடி தொடங்கி, அளவும் கூட்டினார்கள். ஏழாம் மாதத்தில் சுகரும் எட்டிப் பார்த்தது. அடையும் நடையுமாகச் சமாளித்தார். பெண் குழந்தை. பிரசவத்தோடு சுகர் போய்விட்டது என்று எல்லோரும் மறந்துவிட்டோம். செவிலியர் மறக்கவில்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து தாய்க்கு இன்னொரு முறை குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அப்போதுதான். "புள்ளைக்கு ஊசி போட வரப்ப நீயும் ரெண்டு மணி நேரம் உக்கார்ற மாதிரி வாம்மா" என்று முந்தின நாளே போன் வந்துவிட்டது.