மலையில் பெய்யும் மழையும் பளியர் மக்களின் உரிமையும்



அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரை நிகழ்த்தும்போது ஒருவர் வந்து, வறட்சியால் கால்நடைகள் மடிவதாக முறையிட்டார். நபியவர்கள் துஆச் செய்தார்கள், மழை கொட்டியது. அடுத்த ஜும்ஆவிலும் ஒருவர் வந்தார். மழையால் பொருள்கள் அழிந்தன, பாதைகள் அறுந்தன என்றார். அப்போது நபியவர்கள், அந்த மழை ஊரை விட்டு விலகி மலைகளிலும் ஓடைகளிலும் மரங்கள் வளரும் இடங்களிலும் பெய்யட்டும் என்று இறைஞ்சினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். மழையைத் தாங்கி வைப்பவை மலையும் காடும்தான். நமக்கு அது வருசநாட்டு மலை. அங்கே பிறக்கும் மூல வைகை, கடமலைக்குண்டு வழியாக இறங்கி, முல்லைப் பெரியாறோடு சேர்ந்து வைகை அணைக்கு வருகிறது. மதுரை முதல் இராமநாதபுரம் வரை பலர் உளூச் செய்யும் தண்ணீரில் அந்த மலைக்குப் பங்கு உண்டு.

அந்த மலைகளின் பூர்வகுடிகள் பளியர்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். இன்று கூலி வேலைக்கும் போகிறார்கள். அடைமழை நமக்கு ஓரிரு நாள் சிரமம். காட்டோடைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கோ ஓடை பெருகினால் ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் வழி இல்லை. கூலியும் இல்லை, காட்டுக்குள் போகவும் முடியாது.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலம் சரிந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புவி வெப்பத்தால் அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடியிருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த நாட்களில், மழையில் உணவு தேட வழியின்றிக் காட்டுக் குகையில் ஒண்டியிருந்த பணியர் பழங்குடிக் குழந்தைகளை வனத்துறையினர் மீட்டார்கள்.

காற்றைச் சூடாக்கியது அந்தக் குழந்தைகளா? மனிதர் செயலால் நிலமும் கடலும் கெடுவதைச் சொல்லும் அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம், வசதியாக வாழும் நம்மைத்தான் முதலில் கேள்வி கேட்கிறது.

நாம் என்ன செய்யலாம்? ஐப்பசி மழைக்கு முன்பே அரிசி, தார்ப்பாய், மருந்து ஆகியவற்றை ஸதகாவாகக் கொண்டு சேருங்கள். ஸதகாவுக்கு மதம் தடையில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு நில உரிமையும், சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற வசதிகளுக்கு வழியும் தந்திருக்கிறது. அவற்றைக் கேட்டு திங்கள்கிழமை குறைதீர் நாளில் அவர்கள் மனுக் கொடுக்கும்போது, படித்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுத்து உடன் நிற்கட்டும். ஆற்றில் குப்பை கொட்டாதீர்கள். உளூவிலும் தண்ணீரை வீணாக்காதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மழையை அருளாக்குவாயாக! மலையில் வாழ்வோரையும் கீழே வாழ்வோரையும் காப்பாயாக! ஆமீன்.