கடல் இடப்பக்கம் இருக்கட்டும்

மெல்பர்னில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: "விடியக்காலம் கிளம்பினா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்." வந்துவிடலாம், பொய்யில்லை. ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளின் முன்னால் நின்று படமும் எடுத்திருப்பீர்கள். ஆனால் போகவர 500 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது ஓட்டுகிறவரைத் தவிர எல்லோரும் தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாறைகளுக்குப் போகும் கிரேட் ஓஷன் ரோட்டுக்குக் குறைந்தது இரண்டு இரவு கொடுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் வழியிலுள்ள லோர்ன் என்ற ஊர் வரை போய்விட்டுத் திரும்புங்கள். எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட அது மேல்.

டார்க்கி என்ற அலைச்சறுக்கு ஊரில் தொடங்கி, வார்னம்பூலுக்குச் சற்று முன்னால் ஆலன்ஸ்ஃபோர்டில் முடிகிற இந்தச் சாலை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நம்மூர்போல இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும் என்பதால், இப்படிப் போகும்போது கடலோரத் தடம் உங்களுடையது. வண்டியை நிறுத்திக் கடல் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் இடக்கைப் பக்கமே வரும். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டத் தேவையில்லை. எதிர்த்திசையில் வந்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்க வேண்டும். வளைவுகளில் அது எரிச்சல் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஒரு சிக்கல் உண்டு. ஸ்டியரிங் வலப்பக்கம், கடல் இடப்பக்கம். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் தார்ச்சாலையும் பக்கத்துச் சீட்டுக்காரரின் "அய்யோ, அங்க பாருங்க"வும்தான். வாடகைக் கார் எடுக்கும்போதே இரண்டாவது ஓட்டுநரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. தமிழ்நாட்டு உரிம அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்திலும் இருப்பதால் விக்டோரியா மாநிலத்தில் சுற்றுலாப் பயணி அதை வைத்தே ஓட்டலாம். ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டு போவது நல்லது. சில வாடகை நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன. மண்சாலையில் ஓட்டக் காப்பீடு உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள். பலவற்றில் கிடையாது.

விமானம் இறங்கிய அன்றே மலைவளைவில் ஓட்டாதீர்கள். ராத்திரி முழுக்கப் பறந்து வந்த கண்ணுக்கு வளைவும் நேர்சாலையும் ஒன்றாகத்தான் தெரியும். டல்லமரீன் விமான நிலையத்திலிருந்து எம்80 வட்டச்சாலையைப் பிடித்தால் நகருக்குள் நுழையாமல், சுங்கம் கட்டாமல் ஜீலாங் பக்கம் போய்விடலாம். அன்றைய இரவு அங்கேயோ டார்க்கியிலோ தூங்கி எழுந்து, மறுநாள் காலை கிளம்புங்கள்.

அடுத்தது, எப்போது போவது. நம்மவர்கள் பலருக்குப் பிள்ளைகளின் மே மாத விடுமுறைதான் தோது. அங்கே அது இலையுதிர் காலத்தின் கடைசி. கூட்டம் இருக்காது; ஆனால் மாதக் கடைசியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். கூடவே அந்த ஊர்ப் பள்ளி விடுமுறைக் கூட்டமும், காட்டுத்தீப் பயமும். 2015 கிறிஸ்துமஸ் அன்று வை ரிவர், செப்பரேஷன் கிரீக் ஊர்களில் 116 வீடுகள் எரிந்தன. கோடையில் போகிறவர்கள் விக்எமர்ஜென்சி செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மார்ச்.

எந்த மாதமானாலும், இருட்டும்முன் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கங்காருக்கள் நடமாடும் நேரமே அந்திதான். போர்டுகளில் மஞ்சளாகப் படம் போட்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. தாமதமாகப் போனால் பசியும் சேர்ந்துகொள்ளும். சின்ன ஊர்களில் எட்டு, எட்டரைக்கே சமையற்கட்டை மூடிவிடுவார்கள். சைவக்காரர்கள் சிறு சமையலறை உள்ள கேபின் எடுத்துக்கொள்வது உத்தமம். கடற்கரைப் பூங்காக்கள் பலவற்றில் மின்சார பார்பெக்யூ அடுப்பு இலவசம். நன்றாகத் துடைத்துவிட்டு நாங்கள் அதில் சப்பாத்தி சுட்டோம். பக்கத்தில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவர் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊரிலிருந்து ஊறுகாய், பொடி கொண்டுபோனால் வருகைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அறிவித்த பொருளைப் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லையென்றால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம்.

லோர்னுக்கு முன்னால், ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்கு மேல் ஒரு மரவளைவு வரும். அங்கே ஐந்து நிமிடமாவது இறங்குங்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாறையை உடைத்துப் போட்ட சாலை இது. போரில் செத்துப்போன தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னமும் இந்தச் சாலைதான். அதைத் தெரிந்துகொண்டபின் வளைவுகளில் வேகம் தானாகக் குறைகிறது.

அப்போலோ பே தாண்டியதும் கடல் காணாமல் போய்விடும். வழி தவறிவிட்டோமோ என்று பயப்படவேண்டாம். சாலை ஆட்வே மழைக்காட்டுக்குள் ஏறுகிறது. போர்ட் கேம்பெல் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போன் சிக்னல் வரும், போகும். டேங்கை அப்போலோ பேயிலேயே நிரப்பி, வரைபடத்தையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மெய்ட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் பெரணிகளுக்கு நடுவே அரைமணி நடந்தால் வளைவுகளால் வந்த குமட்டல் போய்விடும்.

போர்ட் கேம்பெலில் அறை எடுத்தால் அப்போஸ்தல்ஸ் பாறைகளை இரண்டு வெளிச்சத்தில் பார்க்கலாம். சாயங்காலம் சூரியனுக்கு எதிரே கறுத்து நிற்கும். காலையில் கிழக்கு வெயில் விழுந்து சுண்ணாம்புக்கல் மஞ்சளாக எரியும். எனக்குக் காலைதான் பிடித்தது. மெல்பர்னிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் அந்நேரம் பாதி வழியில்கூட இருக்காது. பாறைகள் பன்னிரண்டு இல்லை. 2005இல் ஒன்று பார்வையாளர்கள் கண்முன்னே சரிந்தபின் எஞ்சியவை எட்டு. பக்கத்திலுள்ள லண்டன் பிரிட்ஜ் பாறையின் ஒரு வளைவு 1990 ஜனவரியில் இடிந்து, முனையில் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். வேலியைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

ஆனால் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது லாக் ஆர்ட் கார்ஜ் என்ற கடலோரப் பாறைப்பிளவுதான். இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் 1878 ஜூன் 1 அன்று இங்கே மோதி மூழ்கியது. 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர். டாம் பியர்ஸ் முதலில் கரையேறினார். ஈவா கார்மைக்கேலின் கூக்குரல் கேட்டு மறுபடி நீந்திப் போய் அவரை இழுத்துவந்தார். ஈவா தன் குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டு, பின்னர் அயர்லாந்துக்கே திரும்பினார். பத்திரிகைகள் எதிர்பார்த்த கல்யாணம் நடக்கவில்லை. படியிறங்கி மணலுக்குப் போனால் இருபுறமும் செங்குத்துப் பாறை. உள்ளே அடைபட்டிருக்கும் தண்ணீரைப் பார்க்கும்போது அந்த நீச்சல் எப்பேர்ப்பட்டது என்று புரியும். அட்டவணையில் பத்து நிமிடம் போட்டிருந்தால் ஒரு மணிநேரமாக்குங்கள்.

திரும்புவதற்குக் கடலோரம் வேண்டாம். வார்னம்பூலிலிருந்து உள்நாட்டு நெடுஞ்சாலையில் கோலாக் வழியாக மெல்பர்னுக்கு மூன்று மணிநேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குமுன் கால்மணி மேற்கே போனால் டவர் ஹில் என்ற பழைய எரிமலைப் பள்ளம். மரத்தில் கோலா, தரையில் ஈமு. மதியச் சாப்பாட்டை அங்கே பிரிக்க நினைத்தால் ஒருவர் காவலுக்கு நிற்கட்டும். ஈமு நம்மைவிட உயரமாக வந்து, யோசிக்காமல் கொத்திக்கொண்டு போய்விடும்.