முன்பிணை: சலுகையா, பாதுகாப்பா?



கைதாகுமுன்பே நீதிமன்றத்திடம் பிணை கேட்பதை முன்பிணை என்பர். பொய்க் குற்றச்சாட்டினால் ஒருவர் மறியற்சாலை சென்று மானமிழக்காதிருக்கச் சட்டம் இட்ட வேலி இது. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு.

இலஞ்சம் வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்படும் அரச உத்தியோகத்தருக்கும் இதனை வழங்கலாமா? அயல்நாடான இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இருமுறை விடை கூறியுள்ளது. பஞ்சாப் முன்னாள் அமைச்சர் குர்பக்ஷ் சிங் சிப்பியா மீதான ஊழல் வழக்கில், 1980இல், இவ்வுரிமையை இறுக்கமான விதிகளால் குறுக்கலாகாது என்றது. 2025இலோ, இலஞ்சம் கேட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கணக்காய்வு அதிகாரி ஒருவருக்கு முன்பிணை மறுத்தது. குற்றச்சாட்டு பொய்யென்றோ அரசியல் நோக்குடையதென்றோ மேலோட்டமாகவேனும் தெரிந்தாலன்றி, இலஞ்ச வழக்குகளில் அதனை வழங்கலாகாது என்றது.

காரணம் விளங்காததன்று. கோப்புகள் அதிகாரியின் கையில்; சாட்சிகள் அவர் கீழ். ஆயினும், பிணை கிடைப்பது விடுதலையன்று, மறுக்கப்படுவது தண்டனையுமன்று.

திருத்தூதர் பணி 24ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பணம் கிடைக்குமென எதிர்பார்த்த ஆளுநர் பெலிக்ஸ், குற்றமற்ற புனித பவுலை ஈராண்டு காவலில் வைத்திருந்தான். இலஞ்சம் நீதியையே விலைப்படுத்தும்.

எனவே, விசாரணை முடியுமுன் எவரையும் கள்வரென்று தூற்றாதீர்கள். கந்தோரில் காரியம் முடிக்க இரகசியமாகக் காசு நீட்டவும் வேண்டாம். கொடுப்பவனும் குற்றவாளியே.