பெண்குதிரையும் உப்பும்: நெடுந்தீவு புகட்டும் பாடம்

குதிரை தமிழகத்துக்குரிய விலங்கன்று. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுகின்றது. நம் ஈழத்திலும் அவ்வாறு வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் நெடுந்தீவிற் கட்டின்றித் திரிகின்றன. அவற்றைப் போர்த்துக்கேயர் கொணர்ந்தனர் என்பர், ஒல்லாந்தர் பெருக்கினர், 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி அங்குக் குதிரை வளர்ப்பை நடாத்தினார். வறட்சிக் காலங்களில் இக்குதிரைகளுட் பல நீரின்றி மடிந்துள்ளன. அக்கேடு மடிந்தவற்றோடு முடிவதன்று. கருவுற்ற பெண்குதிரை வாடின் அடுத்த தலைமுறையும் வாடும். அஃது எவ்வாறென ஈண்டு ஆராய்வாம்.

அமிர்தகழியில் வாழ்வார்க்கு உப்பின் ஏற்றமும் இறக்கமும் புதியனவல்ல. மாரியில் ஆற்றுநீர் பெருக மட்டக்களப்பு வாவியின் உவர்ப்புக் குறையும். கோடையில் அது மிகும். வாவி இம்மாற்றத்தைப் பொறுக்கும். உயிர்களின் குருதி பொறாது. சோடியம், பொற்றாசியம், கல்சியம், குளோரைட்டு முதலிய மின்பகுபொருள்கள் குருதியில் ஓரளவிற்குள்ளேயே நிற்றல் வேண்டும். அளவு பிறழின் தசை நடுங்கும்; இதயமுந் தடுமாறும். அல்டொஸ்தெரோன் என்னும் ஓமோன் சிறுநீரகத்திற் சோடியத்தைத் தடுத்து வைத்துப் பொற்றாசியத்தை வெளியேற்றி இவ்வளவைக் காக்கின்றது.

இனி, இனப்பெருக்க ஓமோன்களை நோக்குவாம். பெண்குதிரையின் வேட்கை வட்டம் ஏறக்குறைய 21 நாள். அதில் ஈஸ்திரஜன் வேட்கையை எழுப்பும். புரொஜெஸ்திரோன் கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக்கும். கருவுற்றபின் ஏறக்குறைய 11 மாதம் கரு வளரும். அக்காலமெல்லாம் புரொஜெஸ்திரோனும் அதன் இனப்பொருள்களுமே கருவைக் காத்து நிற்கின்றன. ஈனுதற்கு முன் ஓரிரு நாளில் அவை திடீரென வீழ்கின்றன.

இவ்வீழ்ச்சியின் விளைவு பாலிற் புலனாகும். பாற்சுரப்பியின் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வழிகள் இறுகுகின்றன. குருதியிலிருந்து சோடியம் பாலினுட் கசிதல் குறைகின்றது. பொற்றாசியம் சோடியத்தை விஞ்சுகின்றது. கல்சியமும் விரைந்து உயர்கின்றது. குதிரை வளர்ப்போர் பாலில் இவ்வுப்புகளைச் சோதித்தே ஈனும் நேரம் அணுகியதை உய்த்துணர்கின்றனர். ஓமோன் இட்ட கட்டளையை உப்பு நிறைவேற்றுதலை இங்கே தெளிவாகக் காணலாம்.

குட்டி ஈன்றபின் தாயின் சுமை பெருகும். நாள்தோறும் தன் உடல்நிறையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்களவு பாலை அது சுரத்தல் கூடும். 200 கிலோ நிறையுள்ள குதிரைக்கு இது 4 முதல் 6 கிலோவாகும். அப்பாலிற் பெரும்பங்கு நீரே. கல்சியம் முதலியனவும் அதனோடு செல்லும். அன்றியும், குதிரையின் வியர்வை மனிதர் வியர்வையினும் உப்பு மிக்கது. நீரோடு உப்பும் கழிவதாற் குருதி செறிவடைதல் குறையும். ஆகவே நீர் குன்றியும் தாகம் போதிய அளவு எழாது.

நெடுந்தீவு முருகைக்கற் பாறைமேல் அமைந்தது; அங்கு ஆறில்லை. மழைநீரையும் கிணற்றையும் நம்பியே உயிர்கள் வாழ்கின்றன. கோடையில் நன்னீர் அருகும்போது உவர்நீர் குடிப்பது தீர்வாகாது. அவ்வுப்பைக் கழிக்கச் சிறுநீரகத்துக்கு மேலும் நன்னீர் வேண்டும். அந்நிலையிற் பாலூட்டும் தாய் முதலில் மெலியும், பால் குன்றும், நாளடைவிற் குட்டி நலியும்.

ஆதலின் அக்குதிரைகளைக் காக்க விழைவோர் வேலியிடுவதோடு அமையாது, கோடை முழுதும் நன்னீர்த் தொட்டிகள் வற்றாதிருக்கச் செய்தல் வேண்டும். உயிரியல் பயிலும் நம் மாணவரும், கால்நடைத் துறையிற் பணிபுரியும் பழைய மாணவரும் இதனைக் கருத்திற் கொள்வாராக. தொட்டியில் ஊற்றும் ஒரு குடம் நீர் தாய்க்குக் குருதியாகவும் குட்டிக்குப் பாலாகவும் பயன்படுகின்றது.