கடிவாளத்தில் சிவப்பு அட்டை



நண்பர்களோடு சேர்ந்து ரேஸ் குதிரையில் பங்கு வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விளம்பரத்தையும் பார்த்தேன். ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரையின் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதன் கதை உண்மைதான். 2021 செப்டம்பரில் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் அதை ஒருவர் 30,000 டாலருக்குக் கிளெய்ம் செய்தார். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2022 மே 7 அன்று, ஒன்றுக்கு எண்பது கொடுக்கும் குதிரையாக ஓடி, கென்டக்கி டெர்பி ரேஸையே ஜெயித்துவிட்டது. அதன்பின் அது ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. இதை எந்த விளம்பரத்தில் போடப் போகிறார்கள்?

கிளெய்மிங் ரேஸ் என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் அன்றாடம் ஓடும் ரேஸ்களில் பெரும்பங்கு இவைதான். 25,000 டாலர் ரேஸ் என்றால், அதில் ஓடும் எந்தக் குதிரையையும் அந்த விலைக்கு யாரும் எடுத்துக்கொள்ளலாம். உரிமம் இருக்க வேண்டும், மைதானத்துக் கணக்கில் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேஸுக்குச் சில நிமிடம் முன்பே சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரே குதிரைக்கு இரண்டு மூன்று சீட்டு விழுந்தால் எண் போட்ட உருண்டைகளைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த ரேஸின் பரிசுப் பணம் மட்டும் பழைய சொந்தக்காரருக்கு, குதிரை புதியவருக்கு. இத்தனை கறாராக ஏன் என்றால், நல்ல குதிரையை மட்டமான ரேஸில் இறக்கிச் சுலபமாகப் பணம் பார்க்க யாரும் நினைக்கக் கூடாது. நினைத்தால் குதிரை கைவிட்டுப் போய்விடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குக்கூட நான் இதை முழுசாகச் சொன்னதில்லை.

மேரிலாந்தில் நாங்கள் இருபது பேர், ஆளுக்கு ஐந்து சதவீதம், தலைக்கு 2,000 டாலர் போட்டோம். அதில் 25,000 குதிரைக்கு, மிச்சம் 15,000 தீனிக்கும் பராமரிப்புக்கும். ஐந்து வயது, செம்பழுப்பு நிறம், காயடித்த ஆண். எங்களோடு இன்னும் இரண்டு பேர் சீட்டுப் போட்டிருந்தார்கள். குலுக்கலில் எங்கள் உருண்டை வந்தபோது இருபது பேரும் ஏதோ தேர்தலில் ஜெயித்த மாதிரி கத்தினோம். குதிரையைப் பக்கத்தில் பார்க்கும் முன்பே அது எங்களுடையதாகிவிட்டது.

முதல் ரேஸில் மூன்றாவது. இரண்டாவதில் ஜெயித்தது. அந்த வெற்றியின் கணக்கை மட்டும் சொல்கிறேன், கேள். மொத்தப் பரிசு 30,000. ஜெயித்தவருக்கு அறுபது சதவீதம், அதாவது 18,000. அதில் ஜாக்கிக்குப் பத்து, டிரெய்னருக்குப் பத்து சதவீதம் போக 14,400. இருபதால் வகுத்தால் எனக்கு 720 டாலர். டிரெய்னருக்கு நாளுக்கு 100 டாலர். லாடம், வைத்தியம் எல்லாம் சேர்த்தால் மாதம் 4,000 ஆகும். அதில் என் பங்கு 200. ஆக அந்த வெற்றி மூன்றரை மாதத் தீனிக்குச் சரி. அன்று ஆளுக்கொரு போட்டோ எடுத்து ஃபிரேம் போட்ட செலவை நான் சேர்க்கவில்லை.

மூன்றாவதிலும் நான்காவதிலும் பின்னால் வந்தது. நான்காவது முடிந்த மறுவாரம் லாயத்துக்குப் போனேன். குதிரைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்னங்கால்களை முழங்காலிலிருந்து கணுவரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். இடது கணுவில் கை நின்றது. வலது காலைத் தொட்டார், திரும்பவும் இடதுக்கு வந்தார். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையுமல்ல.

இரண்டு நாள் கழித்து நிர்வாகப் பங்காளியிடமிருந்து மெயில்: "12,500 ரேஸில் இறக்கலாம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்." ரேஸ் உலகத்தில் விலைக்கு ஒரு பாஷை உண்டு. ஜெயித்த குதிரை இரண்டே மாதத்தில் பாதி விலைக்கு வந்தால், பார்க்கிறவர்கள் முதலில் காலைத்தான் சந்தேகிப்பார்கள். எனக்கு அந்த வெதுவெதுப்பு கையிலேயே இருந்தது. ஆனாலும் நான் பதில் போடவில்லை. இருபதில் ஒருவன் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். மற்ற பத்தொன்பது பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இப்படி விலையை இறக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பாடம் நடந்தது. அக்விடக்ட் மைதானத்தில் 2011 நவம்பர் கடைசியிலிருந்து 2012 மார்ச் வரை 21 குதிரைகள் இறந்தன. புதிதாக வந்த காசினோ பணத்தால் பரிசுத்தொகை ஏறி, மலிவுக் குதிரையின் விலையைத் தாண்டிப் போயிருந்தது. கால் சரியில்லாத குதிரையை ஓடவிட்டாலும், யாராவது கிளெய்ம் செய்துவிட்டால் நஷ்டம் அவர் தலையில். அதன்பின் சட்டம் மாறியது. 2022 ஜூலையில் வந்த தேசிய விதிகளின்படி, ஓடி முடித்த குதிரை இறந்தாலோ, மைதானத்து வைத்தியர் பார்த்து நொண்டுகிறது என்று சொன்னாலோ, கிளெய்ம் செல்லாது. நல்ல விதி. ஆனால் அன்று குதிரை நொண்டாமல் நடந்துவிட்டால் கிளெய்ம் செல்லும்.

எங்கள் குதிரை நடந்துவிட்டது. நான்காவதாக வந்தது. கீழே இறங்கிப் போனபோது கடிவாளத்தில் சிவப்பு அட்டை கட்டியிருந்தார்கள். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். புதிய லாயத்து ஆள் தன் கயிற்றைப் போட்டார். எங்கள் குதிரைக்காரர் கடிவாளத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து மாதம் குளிப்பாட்டிய குதிரையின் பிடரியை ஒருமுறை தட்டிவிட்டு, வெறுங்கயிற்றோடு நடந்தார். கூட்டு கலைந்தது. 2,000 போட்ட எனக்கு 1,225 திரும்பி வந்தது. பணத்தைப் பொறுத்தவரை நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு குதிரையின் பெயரைப் பதிந்து வைத்தால் அது ஓடும்போதெல்லாம் மெயில் வரும். எனக்கு வந்துகொண்டிருந்தது. 10,000, 8,000, பிறகு மேற்கு வர்ஜீனியாவில் 5,000. ஒவ்வொன்றிலும் வேறு சொந்தக்காரர். போன வருஷம் மெயில் நின்றுவிட்டது.

நீ வாங்கு, வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். லாயத்தில் கழித்த காலை வேளைகளை நானும் ரசித்தேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் மூன்று விஷயம் கேள். விலையை இறக்க யார் முடிவெடுப்பார்கள்? வைத்தியரின் குறிப்பு பங்காளிகளுக்கு வருமா? ஓட முடியாமல் போனால் குதிரை எங்கே போகும், அந்தச் செலவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் போனை வைத்துவிடு. ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

உன் அம்மாவிடம் நான் இழந்த அந்த 775 டாலரைப் பற்றி மூச்சு விடாதே. உன் சித்தி காதுக்கு வந்துவிடும்.

அன்புடன்,
சித்தப்பா